பின்சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம்

நெடுமங்காட்டு ஏற்றத்தில் எங்கள் பழைய லாரியின் பின்சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியல் உடைந்து, கல் பாரத்தோடு வண்டி பின்னால் உருண்டது. பிள்ளையார் புண்ணியத்தில், வண்டியை ஓட்டிய என் வீட்டுக்காரர் பிழைத்தார். அன்றிலிருந்து எனக்குப் பயம்தான்.

வேறொரு லாரியில் கழற்றிய டிஃபரன்ஷியலைக் கொண்டுவந்து மாட்டிய மெக்கானிக் மெலிந்த மனிதர். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். எதைக் கேட்டாலும் கண்ணை மூடி யோசித்துத்தான் பதில் சொல்வார்.

வண்டியை ஓட்டிப் பார்க்கும் நாளில் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். மெக்கானிக் ஒன்றை எடுத்துப் பின்சக்கரத்துக்கு மாற்றினார்.

"வண்டியத் தள்ளுறது பின்சக்கரமல்லே அக்கா. சாமிக்கும் தெரியட்டும்."

"இனி பயமில்லையே அண்ணே?"

கண்ணை மூடினார். "பயம் உண்டு அக்கா. பழைய சாதனமல்லே? அந்த ஏற்றம் கழியுற வரை நானும் போறேன்."

முன்சீட்டில் அவர் ஏறவில்லை. பின்னால் ஏறி, டிஃபரன்ஷியலுக்கு நேர் மேலே, பலகையில் காதை வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டார்.

இருவரும் நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள். எனக்குத்தான் இன்னும் பயம் போகவில்லை. லாரி கிளம்பும்போதெல்லாம் பின்சக்கரத்துக்கும் பழம் வைத்து, வீட்டுக்காரரோடு அந்த மெக்கானிக்குக்காகவும் வேண்டிக்கொள்கிறேன். பெயர் கேட்காமல் விட்டுவிட்டேன். பலகையில் படுத்துக்கொண்டு போனவர் என்றால் பிள்ளையாருக்குத் தெரியாதா?