நீலாம்பாள் அக்காவின் ஐம்பத்துநாலு படங்கள்

நீலாம்பாள் அக்காவைப் பற்றி எழுதுகிற அருகதை எனக்கு இல்லை. வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டை தெற்கு பஜாரை ஒட்டிய ஒரு மாடியில் மூன்று கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு நான் ஒரு மையம் நடத்திவந்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு என்று எது வந்தாலும் அடித்துக்கொடுப்போம். 1995 ஆனி மாதம் அக்கா அங்கே தட்டச்சு வேலைக்கு வந்தார். அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது, எனக்கு இருபத்தெட்டு. நான் முதலாளி, அவர் வேலையாள். ஆனால் முதல் நாளே அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டுவிட்டதால் அதட்டுகிற உரிமை அவர் கைக்குப் போய்விட்டது.

களக்காட்டில் ஒரு காலத்தில் வயலும் தோப்புமாக இருந்த சைவக் குடும்பம். அப்பா காலத்திலேயே எல்லாம் கைமாறிவிட்டது. அண்ணன் சங்கரசுப்பிரமணியன் பள்ளிக்கூட வாத்தியாராகிப் பாளையங்கோட்டைக்கு வந்தபோது தங்கையும் கூடவே வந்தார். இருபத்திரண்டு வயதிலேயே அக்காவுக்குச் சர்க்கரை வந்து, தினமும் ஊசி என்றாகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் அதைக் கேள்விப்பட்டதும் காப்பியைக் குடித்துவிட்டு மரியாதையாகப் போய்விட்டார்கள். அக்கா இதைச் சொல்லும்போது சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

சர்க்கரை பிறகு கண்ணுக்குப் போனது. சின்ன வயதிலிருந்து பென்சிலால் படம் வரைந்துகொண்டிருந்தவர். முப்பத்தைந்து வயதில் தான் போட்ட கோடே தனக்குத் தெரியவில்லை என்று பென்சிலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். தட்டச்சுக்குக் கண் தேவைப்படவில்லை, பக்கத்தில் ஒருவர் வாசிக்க விரல் பழக்கத்திலேயே அடிப்பார். எங்கள் மையத்துக்கு வந்த இரண்டாவது வாரம், மத்தியானச் சாப்பாட்டு வேளையில், கம்ப்யூட்டரில் படம் போடும் பகுதியைத் திறந்து நோண்டிக்கொண்டிருந்தார். அதில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி உண்டு. எட்டு மடங்கு பெரிதாக்கினால் ஒவ்வொரு புள்ளியும் புளியங்கொட்டை அளவுக்குக் கட்டமாக நிற்கும். அக்கா மூக்கு திரையில் முட்டுகிற மாதிரி குனிந்து ஒரு கட்டத்தில் கறுப்பை வைத்தார். பக்கத்துக் கட்டத்தில் இன்னொன்று.

"தம்பி, இது எனக்குத் தெரியுது" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை, ஊசி போட்டவர் சாப்பிடாமல் இருக்கக் கூடாது என்று நான் சண்டை போட்டேன்.

அன்றிலிருந்து மத்தியானம் ஒரு மணி நேரம், சாயங்காலம் வேலை முடிந்து ஒரு மணி நேரம். ஒரு படத்துக்கு இருபது நாளாவது ஆகும். முழுப் படத்தை அவரால் ஒரே பார்வையில் பார்க்க முடியாது. எந்தக் கட்டம் எங்கே வருகிறது என்பதை மனசிலேயே வைத்திருப்பார். வந்துபோகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு "கோலமா?" என்பார்கள். "ஆமா, உங்க வீட்டு வாசல்ல வந்து போடுதேன்" என்பார் கடுப்பாக.

கோலம் இல்லை. மாஞ்சோலை பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்துச் சோர்ந்து, முன்சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்திருக்கும் ஒரு பெண். கண் ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு கண்ணை மட்டும் மூடிக் கட்டிய இருபது பேர். ராதாபுரம் பக்கத்துப் பொட்டலில் தலை முறிந்த பனைகள். ஊசியை வேகவைக்கும் அலுமினியப் பாத்திரம். ஆவியை அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த பதினாறே நிறத்துக்குள் எப்படிக் கொண்டுவந்தார் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. எனக்குப் படம் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தப் பாத்திரத்தை மட்டும் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷத்தில் ஐம்பத்துநாலு படங்கள். படங்களைப் பதிந்துவைக்கும் பிளாப்பி ஒன்றுக்கு ஒன்பது படம் கொள்ளும், ஆறு பிளாப்பிகள். முதலில் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி வைத்திருந்தோம். 1998 சித்திரையில் கல்லூரிப் பையன் ஒருவன் கொண்டுவந்த பிளாப்பியிலிருந்து வைரஸ் தொற்றி, மூன்று கம்ப்யூட்டர்களையும் மொத்தமாக அழித்துத் திரும்ப ஏற்ற வேண்டியதாயிற்று. அக்கா படங்களை மறுபடி உள்ளே போடலாமா என்று கேட்டார். இடம் பத்தாது, பிளாப்பியில்தான் இருக்கிறதே என்றேன். நான் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்.

அதற்கு முந்தின தை மாதம்தான் மையத்துக்கு இண்டர்நெட் வந்திருந்தது. இலவசமாக இடம் தரும் ஒரு தளத்தில் அக்காவின் பெயரில் பக்கம் ஒன்று போட்டுக் கொடுத்தேன். இணைப்பு நிமிஷத்துக்கு ஒரு தடவை அறுந்துபோகும். அதனால் பதினோரு படங்களை மட்டும் தபால்தலை அளவுக்குச் சுருக்கி ஏற்றினேன். இத்தனை பேர் பார்த்தார்கள் என்று பக்கத்தின் அடியில் ஓர் எண் ஓடும். அதை மட்டும் அக்கா தினமும் கேட்டுக்கொள்வார்.

ஆடியில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. கம்ப்யூட்டரிலேயே வரைந்த படங்களை உலகமெங்குமிருந்து சேர்த்து, இண்டர்நெட்டில் ஒரு நிரந்தரக் கண்காட்சி திறக்கிறார்களாம். சுருக்காத மூலப் படங்கள் வேண்டும், எத்தனை இருந்தாலும் வேண்டும், அக்டோபர் பதினைந்துக்குள் வேண்டும். ஒவ்வொன்றையும் மூன்று ஊர்களில் மூன்று கம்ப்யூட்டர்களில் வைத்துக் காப்பாற்றுவோம், ஒன்று போனாலும் மற்றவை இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். இந்த வரியை அக்கா என்னை நாலு தடவை வாசிக்கச் சொன்னார்.

"அப்பம் நான் போனாலும் இருக்கும்" என்றார்.

"நீங்க எங்க போறீய?"

"கண்ணைச் சொன்னேன் தம்பி."

ஐம்பத்துநாலாவது படத்தை முடித்துவிட்டு அனுப்பலாம் என்று காத்திருந்தார். அது சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் முடிந்தது. வலது கண் ஆபரேஷனுக்கு மதுரையில் நாள் குறித்திருந்தார்கள். பூஜையன்று காலையில், கிளம்புவதற்கு முன், ஆறு பிளாப்பியும் இருந்த பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து பூஜையில் வைத்தார். "நாளைக்கு எடுத்து அனுப்பிருங்க தம்பி. பையச் செய்யுங்க, அவசரம் இல்லை" என்றார்.

நம் ஊரில் அன்றைக்குச் சந்தனம் வாங்காத சாமான் உண்டா? மானிட்டருக்கு நெற்றி என்று நினைத்த இடத்தில் பட்டை போட்டேன். விசைப்பலகைக்கு, பிரிண்டருக்கு, ஸ்டெபிலைசருக்கு. அக்காவின் டப்பாவைத் திறந்து, மேலே இருந்த பிளாப்பிக்கும் அதன் தகர மூடியின் மேல் விபூதி பூசி, சந்தனத்தைக் குழைத்து வைத்துக் குங்குமம் இட்டேன். பக்தியோடுதான் செய்தேன். மற்ற ஐந்தும் அடியில் இருந்ததால் அவற்றை எடுக்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. துணியால் துடைத்துவிட்டு அதே பிளாப்பியைக் கம்ப்யூட்டரில் போட்டேன். கரகரவென்று ஒரு சத்தம். படிக்க முடியவில்லை என்றது திரை. பிளாப்பிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டாவதைப் போட்டேன். அதே சத்தம். இரண்டுமே கெட்டிருக்காதே என்று மூன்றாவது. பதற்றம் வந்துவிட்டால் புத்தி எங்கே வேலை செய்கிறது? பக்கத்தில் இன்னும் இரண்டு கம்ப்யூட்டர்கள் சும்மா நின்றன. நான் அதே ஓட்டையில் ஆறையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன்.

ஆறாவதை வெளியே எடுத்துத் தகர மூடியைத் தள்ளிப் பார்த்தபோதுதான் புரிந்தது. உள்ளே இருக்கும் கறுப்புத் தகட்டில் வட்டமாக ஒரு வெள்ளைக் கீறல். ஆறிலும் அதே இடத்தில் அதே கீறல். முதல் பிளாப்பியின் மூடிக்குள் போயிருந்த விபூதியும் காய்ந்த சந்தனமும் கம்ப்யூட்டரின் படிக்கும் முனையில் அப்பிக்கொண்டு, அடுத்து வந்த எல்லாவற்றையும் உரசியிருந்தன. மற்ற கம்ப்யூட்டர்களில் போட்டுப் பார்த்தேன். திருநெல்வேலி ஜங்ஷனில் ரிப்பேர் பார்க்கும் முகம்மது மைதீனிடம் கொண்டுபோனேன். அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் மிச்சமில்லை வே" என்று கையில் திருப்பிக் கொடுத்தார்.

மதுரையில் அன்றைக்குத்தான் அக்காவுக்கு ஆபரேஷன். கண்ணைக் கட்டிப் படுத்திருப்பவரிடம் இதைப் போய்ச் சொல்வதா என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். இலவசப் பக்கத்தில் இருந்த பதினோரு தபால்தலைப் படங்களை இறக்கி, அவற்றையே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து அண்ணன் மகள் பிருந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா வந்தார். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் கொஞ்சம் பார்வை இருந்தது. எத்தனை நாளைக்கு என்று டாக்டர் சொல்லவில்லையாம். வந்து உட்கார்ந்ததும், "அனுப்பியாச்சா?" என்று கேட்டார்.

ஊர் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கட்டுப்போட்ட முகத்தைப் பார்த்ததும் நாக்கு வேறு மாதிரிப் புரண்டது.

"எல்லாம் போய்ச் சேந்துட்டுக்கா. ஐம்பத்துநாலும்."

"பிளாப்பி எங்க?" என்றார் அக்கா. பத்திரமாக இருக்கிறது, நான் வைத்திருக்கிறேன் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

கார்த்திகையில் கண்காட்சி திறந்தது. அக்காவை உட்கார வைத்து முதல் இரண்டு படங்களைக் காட்டினேன். தபால்தலைகளை அவர்கள் பெரிதாக்கியிருந்ததால் எல்லாம் மங்கலாக இருந்தன. அக்கா குனிந்து பார்த்துவிட்டு, தன் கண்தான் மங்கல் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. மிச்சத்தைத் திறக்க ரொம்ப நேரம் ஆகும் என்றேன்.

"வேண்டாம் தம்பி. அங்கன இருக்குல்லா, அது போதும்" என்றார். எழுந்தவர், "இன்னும் நாலஞ்சு வரையணும்னு ஆசைதான். கண்ணுக்கு வேலை குடுக்காதன்னு டாக்டர் சொல்லுதாரு. எல்லாம் பத்திரமா இருக்கும்போது எதுக்குக் கண்ணைப் போட்டு வதைக்கன்னு விட்டுட்டேன்" என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. நல்லதைத்தான் செய்கிறோம், மனுஷி நிம்மதியாக இருக்கிறார் என்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

தை மாதம் பாதியில் இடது கண்ணும் இருண்டது.

மாசியில் பல்கலைக்கழகத்திலிருந்து அக்காவின் வீட்டு முகவரிக்கு ஒரு தபால் வந்தது. கண்காட்சியின் அச்சிட்ட பட்டியல். பிருந்தா அதை வாசித்துக் காட்டியிருக்கிறாள். பெயருக்கு நேரே, பதினோரு படங்கள், மூலப் படங்கள் கிடைக்கவில்லை என்று இருந்திருக்கிறது. தப்பாகப் போட்டிருப்பார்கள், தம்பியிடம் கேட்போம் என்று அக்கா கிளம்பி வந்துவிட்டார். பிருந்தா படியேற்றிக் கூட்டிவந்தாள்.

இந்தத் தடவை சொன்னேன். விபூதி வைத்தது, சத்தம் கேட்டது, ஆறையும் அதே ஓட்டையில் போட்டது, பிறகு சொன்ன பொய். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. அவர் கத்தியிருந்தால், பக்கத்தில் இருந்ததை எடுத்து என்மேல் எறிந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்கா என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

"சாமி கும்பிடப் போய் நடந்தது. அதுக்கு உங்களை என்ன சொல்ல?" என்றார். "எனக்குந்தான் தெரியாது. நாந்தான டப்பாவைக் கொண்டாந்து வச்சேன்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"ஆனா அன்னைக்கே சொல்லியிருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. இடது கண்ணு தெரிஞ்சுதுல்லா. பெரிசாக்கிப் போட்டா கட்டம் தெரிஞ்சுது. ஐம்பத்துநாலு வேண்டாம். அந்தப் பாத்திரத்தை வரைஞ்சிருப்பேன், பஸ்ஸுல இருந்தவளை வரைஞ்சிருப்பேன். எல்லாம் பத்திரமா இருக்குன்னு நீங்க சொன்னதை நம்பி, மூணு மாசம் சும்மா உக்காந்து சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தேன் தம்பி."

பிருந்தா அவர் கையைப் பிடித்தாள். இருவரும் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிப் போனார்கள்.