மரகதவல்லியின் ஓயாத கடல்

பக்கத்து சீட்டுக்காரரின் செல்போனை எட்டிப் பார்ப்பது கெட்ட பழக்கம். தெரியும். விட முடியவில்லையே... என்ன செய்ய?

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஜன்னல் சீட். மேற்கே மலை பாதிவரை மேகத்துக்குள் இருந்தது. அந்த மேகத்துக்கு அடியில் கடல் இருப்பதாக நினைத்துக்கொள்வது என் இன்னொரு கெட்ட பழக்கம். செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு பாறை துருத்திக்கொண்டு தெரிந்தால் போதும் — அதன்மேல் ஒரு மாளிகையைக் கட்டி, மாடத்தில் ஒரு விளக்கையும் ஏற்றிவிடுவேன்.

எல்லாம் மரகதவல்லி செய்த வேலை.

செல்போனில் வாராவாரம் வரும் ஒரு தொடர்கதையின் நாயகி அவள். ராஜா காலத்துக் கதை. பாறை உச்சியில் கறுப்பு மாளிகை, கீழே கொந்தளிக்கும் கடல். பூட்டிய மேல்மாடி அறைக்குள் யாரோ நடக்கிறார்கள். வந்த நாளிலிருந்து மரகதவல்லிக்குக் கீழே இறங்கித் தண்ணீரைத் தொட அனுமதியில்லை. மாளிகைக்காரன் ஒரு முசுடு. கடல் இரைச்சலில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அவன் மட்டும் அவள் உதட்டசைவைப் பார்த்தே மனசைப் படித்துவிடுவான்... அந்த இடத்தில் நான் இரண்டு முறை சாதத்தைக் குழையவிட்டிருக்கிறேன்.

இந்த வயசில் உனக்கு மாளிகை கேட்கிறதோ என்கிறார் வீட்டுக்காரர். கேட்கத்தான் செய்கிறது! அடுத்த வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பதுவரை தெரிந்த தெருவில் இருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத ஒரு பூட்டிய அறை எனக்கு வேண்டாமா?

அந்தக் கதை மூன்று வாரமாக வரவில்லை. மரகதவல்லி அந்த மேல்மாடிக் கதவில் கைவைத்தபடியே நிற்கிறாள்.

இந்த நிலைமையில்தான் எட்டிப் பார்த்தேன். பக்கத்து சீட்டுப் பெண்ணின் செல்போனில் அதே கறுப்பு மாளிகை. நம்மைப் போல ஒரு வாசகி என்று நினைத்து, நீங்களும் படிக்கிறீர்களா என்று ஆரம்பித்தேன். அதை எழுதுவதே தான்தான் என்றாள் அவள்.

பெயர் செல்வராணி. ஊர் வன்னியம்பட்டி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் வேலை. மில் வேனைத் தவறவிட்டதால் பஸ்ஸில் இரண்டாவது ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். அதற்குள் கதையை மொத்தமாக அழித்துவிடப் போவதாகச் சொன்னாள்.

ஏன் என்றேன்.

யாரோ ஒரு 'கடலோரத்துக்காரி' கதைக்குக் கீழே கருத்து எழுதியிருந்தாராம். கடல் இப்படி நிற்காமல் இரையாது. அலை வரும், போகும், நடுவில் ஒரு மௌனம் இருக்கும். கடலைப் பார்க்காதவர்களெல்லாம் கடல் கதை எழுத வந்துவிட்டார்கள் என்று.

"அவிய சொன்னது நெசந்தான்க்கா. நான் கடலைப் பார்த்ததே இல்ல. அய்யனார் கோவில் அருவியப் பார்த்திருக்கேன். மில்லுல மிஷின் இரையுறதக் கேட்டிருக்கேன். ரெண்டும் நிக்காதுல்லா? கடலும் அப்படித்தான்னு எழுதிட்டேன். அம்புட்டுப் பேரும் படிச்சுச் சிரிச்சிருப்பாக."

அப்படியானால் அந்த உதட்டசைவு? அது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"மில்லுக்குள்ள அதுதானக்கா பேச்சு. நூலு அந்துபோச்சுன்னாலும் சரி, அழுகை வருதுன்னாலும் சரி, உதட்டப் பார்த்தே புரிஞ்சுக்கிடுவோம். அதைத்தான் அவனுக்குக் குடுத்தேன்."

அசந்துபோய் உட்கார்ந்திருந்தேன். நான் கிறங்கிக் கிடந்த காதல் அந்த மிஷின் வரிசைகளுக்கு நடுவிலிருந்தா வந்தது? கடல் ஒரு நிமிஷம் ஓய்ந்தால் அவர்கள் இருவரும் வாய்விட்டுப் பேசிவிடுவார்களே. அப்புறம் எதற்கு ஒருவர் முகத்தை ஒருவர் அப்படிப் பார்க்க வேண்டும்? அந்த மாளிகையில் எனக்குப் பிடித்ததே அதுதான். எத்தனை இரைச்சலிலும் ஒருத்தன் அவள் பக்கம் திரும்பிப் பார்க்கிறான்.

வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடலோரத்துக்காரி நான்தான்.

ராஜபாளையத்தில் ஏது கடல்? திருச்செந்தூர்க் கடலை ஆயுசில் இரண்டே முறை பார்த்தவள் நான். இரண்டு முறையும் குடும்பமே குளித்துக்கொண்டிருக்க, நான் கரையில் செருப்புக்கும் பைக்கும் காவல். அந்த ஞானத்தை வைத்துக்கொண்டு பொய்ப் பெயரில் மேதாவித்தனம்!

மில் ஸ்டாப் வருகிறது என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். அவள் விரல் 'அழி' என்ற பொத்தானின் பக்கம் போனது. சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தக் கருத்தை எழுதினது நான்தாம்மா. என்னைத் திட்டு. கதையை அழிச்சிராதே. உன் கடல் ஓயவே கூடாது."

அவள் என்னையே பார்த்தாள். கையை விடுவித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். பஸ் உறுமிக் கிளம்பும்போது என் ஜன்னலுக்குக் கீழே நின்று ஏதோ சொன்னாள். வெறும் உதடுதான் அசைந்தது. இன்னொரு முறையும் சொன்னாள். எனக்குப் புரியவில்லை... திட்டியிருப்பாள் என்றே நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுத்த அத்தியாயம் வந்தது!

கடல் முன்னைவிட ஆங்காரமாக இரைந்தது, ஒரு நொடிகூட நிற்காமல். மாளிகையில் புதிதாக ஒரு வேலைக்காரி வந்திருந்தாள். ஐம்பது வயசுக்கு மேல், அடுத்தவர் கடிதத்தை எட்டிப் பார்க்கிற புத்தி. யாரென்று சொல்ல வேண்டுமா? அவளிடம் மரகதவல்லி உதட்டசைவில் ஏதோ சொல்கிறாள், இரண்டு முறை. வேலைக்காரிக்குப் புரியவில்லை. என்ன சொன்னாள் என்பதை வாசகர்களுக்கு மட்டும் செல்வராணி கடைசி வரியில் எழுதியிருந்தாள்: என்னைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவாயா?

ஜன்னலுக்குக் கீழே நின்று அவள் என்னிடம் கேட்டது இதைத்தானா? கண் நிறைந்துவிட்டது எனக்கு.

இந்த முறை சொந்தப் பெயரில் கருத்து எழுதினேன். அவளுடைய வார லீவில் திருச்செந்தூர் போகிறோம். வீட்டுக்காரரும் வருகிறார் — செருப்புக்குக் காவல் ஆள் வேண்டுமே!