சத்தமில்லாத நான்கு விநாடி

துருக்கியின் ஸ்மிர்னாவிலிருந்து அகதிக் கப்பலில் வந்தபோது வெர்ஜினே கைக்குழந்தை. கிரேக்க நாட்டுக் கொக்கினியாவில், ஆர்மீனியர் தெருவிலேயே வளர்ந்தாள். பன்னிரண்டு வயதில் கம்பளத் தறியில் உட்கார்ந்தாள். தறி நின்றபின் வீட்டிலிருந்தே கோட்டுகளுக்கு உள்துணி தைத்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "நாள் பூரா ஆம்பளைங்க கோட்டோடதான் குடித்தனம், போதும்" என்பாள்.

நாற்பத்திநான்கு ஆகஸ்டில் ஜெர்மானியர்கள் அந்தப் பகுதி ஆண்களையெல்லாம் சதுக்கத்தில் முழங்காலிட வைத்தார்கள். வெயிலில் ஒவ்வொருவராய்ச் சாய்ந்தார்கள். வெர்ஜினேயின் தங்கை நவார்த்துக்குப் பத்தொன்பது வயது. வாளித் தண்ணீரோடு புறப்பட்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. வாசலை மறித்து நின்ற அக்காவை விலக்கிவிட்டுத்தான் போனாள். மூன்று வரிசைக்குக் கொடுத்தாள். நான்காவது வரிசையில் அவளைச் சுட்டார்கள்.

இருபத்திநான்கு வருடம் கழித்து அதே சதுக்கத்துக்குச் சினிமாக்காரர்கள் வந்தார்கள். தெருக்காரர்களையே கூட்டமாக நிறுத்தினார்கள். தண்ணீர் கொண்டுபோகும் பெண் படத்திலும் இருந்தாள். ஆனால் அவள் அன்தூலா என்ற கிரேக்கப் பெண். வரிசையில் கிடக்கும் காதலனுக்காகப் போகிறாள்.

உதவி இயக்குநர் ஸ்டாத்திஸுக்கு வெர்ஜினேயின் முகம் பிடித்துப்போயிற்று. "அக்கா, அன்தூலா விழுந்ததும் கேமரா உங்ககிட்ட வரும். ஏதாவது சொல்லுங்க. குரலை அப்புறம் ஸ்டூடியோவுல சேத்துக்குவோம்."

"எதுவானாலுமா?"

"சமையல் குறிப்பு சொன்னாக்கூட சரிதான்."

கேமரா வந்தது. "நவார்த், என் தங்கச்சி. அவதான் தண்ணி கொடுத்தா" என்று வெர்ஜினே ஆர்மீனிய மொழியில் சொன்னாள். பக்கத்தில் நின்ற பக்கத்துவீட்டுத் தாகூஹி தலையைக் குனிந்துகொண்டாள். இயக்குநர் கைதட்டினார்.

வீடு திரும்பும்போது தாகூஹி கேட்டாள்: "உன் வாயில எதை வைக்கப்போறாங்கன்னு தெரியுமா உனக்கு?"

வெர்ஜினே இரண்டு பஸ் மாறி ஸ்டூடியோவுக்குப் போனாள். ஒலிப்பதிவாளர் மாந்தோஸ் படச்சுருளை ஓட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்துப் பெண்கள் எல்லாருக்கும் ரூலா என்ற ஒருத்தியே குரல். திரையில் வெர்ஜினேயின் உதடுகள் அசைந்தன. ரூலா அழுதாள்: "ஐயோ, மாப்பிள்ளைக்கு என்ன பதில் சொல்லுவேன்."

"அது நான் சொன்னது இல்ல" என்றாள் வெர்ஜினே.

"அம்மா, இங்க யாரு சொன்னதும் இருக்காது. ரூலா நேத்து ஒரு ஆட்டுக்கே குரல் கொடுத்தா."

"ஆடு நல்லா வந்துச்சு" என்றாள் ரூலா.

"எனக்கு நானே பேசுறேன். ஒரு பேருதான் சொல்லணும். என் தங்கச்சி பேரு. இதே சதுக்கத்துல சுட்டாங்க."

மாந்தோஸ் சிரிப்பதை நிறுத்தினார். தணிக்கை முத்திரை குத்திய வசனத் தாள்களைத் தூக்கிக் காட்டினார். "இதுல இல்லாத வார்த்தை உள்ள போகக்கூடாது. அதுவும் வேற மொழி. ராணுவக் கர்னல்கள் ஆட்சி அம்மா, விளையாட்டு இல்ல. என்னைக் கூட்டிட்டுப் போயிருவாங்க."

வெர்ஜினே அந்தத் தாள்களை உற்றுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இருக்கிறதைப் பேசியே ஆகணும்னு அதுல எழுதியிருக்கா?"

அவர் தாளைப் புரட்டினார். "இல்ல."

"அப்ப ஒண்ணும் வைக்காதீங்க. காலியா விடுங்க."

"படம் பழுதுன்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

ரூலா காதிலிருந்த கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு மாந்தோஸ். இந்த அம்மாவுக்கு என்னால முடியாது." அவள் குரல் மணிபோல் இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில், ஒரு ஞாயிறு மதியக் காட்சிக்குத் தெருவே போயிற்று. வெர்ஜினேயின் முகம் திரை முழுக்க வந்தது. உதடுகள் அசைந்தன, சத்தமில்லை. நான்கு விநாடி. முன்பெஞ்சுகளில் விசிலடித்தார்கள். "மெஷின்காரன் தூங்குறான்டா" என்றான் ஒருவன். "இல்லடா, ஊமைப் பொம்பள" என்றான் இன்னொருவன். ஆர்மீனியப் பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் மட்டும் ஒருவரும் அசையவில்லை. தாகூஹி சண்டைக்குத் திரும்பினாள்.

"விடு" என்று வெர்ஜினே அவள் கையை அழுத்தினாள். "உனக்குப் புரிஞ்சுதில்ல?"

"புரிஞ்சுது."

திரையில் காதலன் அன்தூலாவை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு நடந்தான். கொட்டகை முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். நவார்த்தை யாரும் ஏந்தவில்லை. சாயங்காலம்வரை வெயிலில் கிடந்தாள். பிறகு வெர்ஜினேதான் அக்குள்களில் கைகொடுத்து, தெருமுனைவரை இழுத்துக்கொண்டு வந்தாள்.