பேரரசரின் தடித்த கழுத்து

அந்தேரோஸ் வாயைத் திறந்தால் அதிசயம். லுக்துனும் நகரத்து நாணயச்சாலையில் அவன் அச்சு வெட்டுவான். அந்த அச்சில் வெள்ளி வில்லையை வைத்து நான் சம்மட்டியால் அடிப்பேன். இருபது வருடப் பழக்கம். அடிமையாய்ப் பிறந்து விடுதலை பெற்றவன், பச்சை வெங்காயம் தின்பவன் என்பதற்கு மேல் அவனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்த வருடம் ரோமாபுரியில் பேரரசர் மாறினார். படைக்குச் சம்பளம் போட எட்டே நாளில் அவர் முகம் பொறித்த புது தெனாரியஸ் வெள்ளிக்காசு வேண்டும். புதியவரின் முகத்தை எங்கள் ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. சிலையும் வந்து சேரவில்லை. அந்தேரோஸ் மதுக்கடை மதுக்கடையாக விசாரித்தான். ஒருவன் வழுக்கை என்றான், இன்னொருவன் சுருட்டை முடி என்றான்.

“தலை இருக்குங்கிறத மட்டும் எல்லாரும் ஒத்துக்கிறாங்க” என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தான்.

ஆறாம் நாள் அச்சு தயார். முதல் காசை அடித்துக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எருமைக் கழுத்து, உடைந்து வளைந்த மூக்கு. கற்பனையில் வருகிற மூக்கில்லை அது, யாரோ ஒருத்தனுடையது. யாருடையது? அவனைக் கேட்டால் பதில் வராது. தெருவில் போகிறவர்களின் மூக்கையெல்லாம் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே நடந்தேன். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று என் மனைவி கேட்டாள்.

காசு மூட்டை மூட்டையாகப் படைப் பாளையங்களுக்குப் போன பிறகு ரோமாபுரியிலிருந்து சிலை வந்தது. ஒட்டிய கன்னம், கோழிக் கழுத்து! நாணயச்சாலை அதிகாரி செஸ்தியஸ் சிலைக்குப் பக்கத்தில் காசை வைத்துப் பார்த்துவிட்டு அந்தேரோஸைக் கூப்பிட்டார்; நானும் கூடப் போனேன். பேரரசரைக் கேலி செய்தான் என்று முடிவானால் தலை போகும்.

“யாருடா இது?”

கேள்விப்பட்டதை வைத்து வெட்டினேன் என்று சொல்லியிருக்கலாம், பாவி.

“எங்கப்பாங்க ஐயா. இஸ்பானியாவுல வெள்ளிச் சுரங்கத்து அடிமை. கல்லு சுமந்து சுமந்து கழுத்து அப்படி ஆயிடுச்சு.”

செஸ்தியஸ் வீட்டுக் கூடத்தில் முன்னோர்களின் மெழுகு முகங்கள் வரிசையாக இருக்கும். அடிமைக்கோ சட்டப்படி அப்பனே கிடையாது. அவர் காசைக் கைக்குள் மூடிக்கொண்டார். மேலிடத்துக்கு எழுதினால், மூட்டைகளுக்கு முத்திரை வைத்தது யார் என்ற கேள்வியும் வருமே; வைத்தது அவர்தான்.

“அச்ச உடச்சிட்டு வேற வெட்டு. ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது.”

என் சம்மட்டியை வாங்கி அந்தேரோஸே அச்சை உடைத்தான். என்னால் பொறுக்க முடியாமல், வருத்தமாக இல்லையா என்று கேட்டேன்.

“எதுக்கு? இந்நேரம் எங்கப்பா காசோட காசா ரைன் ஆத்தங்கரைப் பாளையத்துக்கே போயிருப்பாரு. உசுரோட இருந்தவரைக்கும் அந்தச் சுரங்கத்தத் தாண்ட விடலயே அவர.”