மயிலாத்தாளின் வயிற்றெரிச்சல்

பக்கத்துத் தோட்டத்துப் பூவாத்தாளின் தம்பி கருப்புசாமி மறுபடியும் ஏர் பூட்டிய அன்றைக்கு மயிலாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். காளைகளை அதட்டுகிறான். சால் கோணாமல் போகிறது. வரப்போரம் நிறுத்திவிட்டு ஒரு பீடி பற்ற வைக்கிறான். போன வருசம் வரை கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் வேட்டியை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டு ஓடியவன் அவன். மலையாளத்துப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே குரலில் "பிராந்தன், பிராந்தன்" என்று, பைத்தியக்காரனை மலையாளத்தில் சொல்லிக் கத்திக்கொண்டு, பின்னால் ஓடியதைப் பெருமாட்டி ஊரில் பார்க்காத ஆள் கிடையாது.

இந்தப் பக்கம், மயிலாத்தாளின் புருசன் மாரப்பன் மாட்டுக் கட்டுத்தரையில் சங்கிலியோடு உட்கார்ந்திருந்தான். கிணற்றில் யாரோ விஷம் கலக்கிறார்கள் என்பது அவனுடைய பயம். முதலில் தண்ணீர் சேந்தும் கயிற்றை அறுத்தான். பிறகு, குடத்தோடு வந்த தம்பிக்காரன் மேலேயே கடப்பாரையை ஓங்கினான். அதற்கப்புறம்தான் சங்கிலி. இரண்டு எருமைகளுக்கும் ஒரு கன்றுக்குட்டிக்கும் அடுத்து அவனைக் கட்டிப்போட்டபோது மயிலாத்தாள் அழவில்லை. அழ ஒரு துணை இருந்ததால் அப்புறம் போய் அழுதாள். அந்தத் துணை பூவாத்தாள்.

இருவர் வீட்டிலும் ஒரே கேடு வந்திருந்த நாளில் அவர்களைப் போல ஒட்டுறவு ஊரில் வேறு யாருக்கும் இருந்ததில்லை. உறவுக்காரர்கள் கலியாணங்காட்சிக்குக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். அதனால் இவள் காய்ச்சிய கொள்ளுப்பருப்பு வேலி தாண்டிப் போகும், அவள் கிண்டிய களி இங்கே வரும். "நம்ம ரெண்டு பேருத்துக்கும் ஒரே எழுத்து மயிலா" என்பாள் பூவாத்தாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மயிலாத்தாள் இரண்டு கோடையைத் தள்ளினாள். இப்போது அந்த எழுத்து ஒருத்திக்கு மட்டும் அழிந்துவிட்டது.

"எப்படீங்க்கா சரியாச்சு?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"எல்லாம் மாரியாத்தா கண்ணு தொறந்தா மயிலா. வேற என்ன சொல்றது?" என்று பூவாத்தாள் மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போடப் போய்விட்டாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மயிலாத்தாளும் மாரியாத்தாளுக்குப் பூவோடு எடுத்தாள். நெருப்புச் சட்டியை ஏந்திக் கோயிலைச் சுற்றி வந்து உள்ளங்கை கொப்புளம் ஆறும் வரை காத்திருந்தாள். மாரப்பன் அதே கட்டுத்தரையில் அதே விஷத்தைப் பற்றி முனகிக்கொண்டிருந்தான். அப்போது அவளுக்குப் பூவாத்தாள் மேல் பொறாமை மட்டுமல்ல, மாரியாத்தாள் மேல் கோபமும் வந்தது. ஒரே ஊர், ஒரே வேண்டுதல், அவள் வீட்டை மட்டும் பார்க்கிற கண் என்ன கண்?

வயிறு எரிகிறவளுக்குப் பார்வை கூர்மை. வேலிக்கு அந்தப் பக்கம் என்ன குழம்பு, யார் வந்தார்கள், எந்தச் சேலை காய்கிறது என்று எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. மாசத்துக்கு ஒரு வியாழக்கிழமை அக்காவும் தம்பியும் வெளுத்த துணி உடுத்தி, மஞ்சள் பையோடு, வேலந்தாவளம் வழியாகக் கோயமுத்தூர் போகும் முதல் பஸ்ஸில் ஏறுவதும் தெரிந்தது. நகை எடுக்கப் போகிறார்களா, பெண் பார்க்கப் போகிறார்களா? எதுவானாலும் அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மனசு அரித்தது.

எமர்ஜென்சி முடிந்து ஜனதாக் கட்சி வந்த வருசம் அது. ஆடி மாசத்து வியாழன் ஒன்றில், கொழுந்தனை மாரப்பனுக்குக் காவல் வைத்துவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு மயிலாத்தாள் அதே பஸ்ஸில் பின்கதவு வழியாக ஏறினாள்.

அவர்கள் நகைக்கடைக்குப் போகவில்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, பின்புறம் வேப்பமரத்தை ஒட்டிய நீளமான வராந்தாவுக்குப் போனார்கள். அங்கே பெஞ்சு நிறைய ஆட்கள். ஒருத்தி தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். படித்தவன் மாதிரி இருந்த ஒருவன் சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றான். வேட்டிக்காரர்கள், பேண்ட் போட்டவர்கள், பர்தா போட்ட ஒரு அம்மா என்று எல்லோரும் வரிசையில் இருந்தார்கள். கருப்புசாமி வரிசையில் நின்று, திரைக்குப் பின்னால் போய், இடுப்பைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தான். நர்ஸ் ஏதோ சொன்னதற்குச் சிரித்தான்.

தூணுக்குப் பின்னால் நின்ற மயிலாத்தாளுக்குச் சந்தோசம் வரவில்லை. இப்படி ஒரு இடம் இருக்கிறது, இதற்கு மருந்து இருக்கிறது என்று அறிந்த அந்த நிமிசத்தில் அவளுக்கு வந்தது வெறும் ஆத்திரம். இது இத்தனை நாளும் இங்கேயே இருந்திருக்கிறது. அதற்கு வழி தெரிந்த ஒருத்தி தினமும் வேலியோரம் நின்று தன்னோடு பேசியிருக்கிறாள். மாரியாத்தாளாம், கண் திறந்தாளாம்!

அவர்கள் போகும் வரை காத்திருந்து நர்சிடம் போனாள். அந்த அம்மாளின் பெயர் கத்தரீனாள். தலை பாதி நரைத்தவள், குரலில் அதட்டலும் இரக்கமும் கலந்தே இருக்கும்.

"இப்பப் போனானுங்களே ஒரு பையன், அவனுக்குப் போட்ட ஊசி எங்கூட்டுக்காரருக்கும் வேணுங்" என்றாள் மயிலாத்தாள்.

"ஊசியை முந்தானையில முடிஞ்சு குடுக்க முடியாதும்மா. ஆளைக் கூட்டிட்டு வரணும். என்ன பண்றாரு அவரு?"

சொன்னாள். விஷம், கயிறு, கடப்பாரை, சங்கிலி. சங்கிலி என்று சொல்லும்போது குரல் தணிந்தது. கத்தரீனாள் முகம் சுளிக்கவில்லை.

"சங்கிலியோட கொண்டு வந்தாலும் சரி. இங்க வந்து அவுத்துக்கலாம். இது பேயும் இல்ல, செய்வினையும் இல்ல. நோவு. காச்சல் மாதிரி ஒரு நோவு, ஆனா ரொம்ப நாளைக்கு மருந்து எடுக்கணும். சரியாயிருச்சுன்னு நிறுத்தினா திரும்பி வந்துரும். வியாழக்கிழமை காலையில வாங்க. கூட ஒரு ஆம்பளையைக் கூட்டிட்டு வாங்க. அடிக்காதீங்க."

கடைசிச் சொல்லுக்கு மயிலாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாரப்பனை எப்படிக் கிளப்புவது? அவன் எதற்கும் அசைய மாட்டான். கடைசியில் அவனே வழி சொன்னான். "இந்தத் தண்ணியைக் கொண்டு போய்ப் படிச்சவங்ககிட்டக் காட்டுங்கடா" என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தான். ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து அவன் கையிலேயே கொடுத்தாள். அதை மார்போடு அணைத்துக்கொண்டு, தம்பிக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில், சங்கிலி இல்லாமல் பஸ்ஸில் வந்தான்.

டாக்டர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். கேலி செய்யவில்லை.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியலைங்க. ஆனா நீங்க பயந்து போயிருக்கறது தெரியுது. தூங்கி எத்தனை நாளாச்சு?"

மாரப்பன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு உதடு கோண, "தூங்குனா கலந்துருவாங்களேங்க" என்றான். மயிலாத்தாளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் அவன் வம்பு செய்ததாகவே நினைத்திருந்தாள். அவன் காவல் இருந்திருக்கிறான்.

கொஞ்ச நாள் அங்கேயே வைத்துப் பார்த்து, மாத்திரையும் ஊசியும் சொல்லி அனுப்பினார்கள். தூங்கினான். கத்தல் நின்றது. ஆனால் கழுத்து விறைத்தது, கை நடுங்கியது, வாயோரம் எச்சில் ஒழுகியது, கட்டிலில் கட்டைபோலக் கிடந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் கருப்புசாமி வாய்க்கால் திருப்பிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தான். மயிலாத்தாள் அடுத்த வியாழன் கத்தரீனாளிடம் சண்டைக்கே போனாள்.

"அவங்களுக்கு நல்ல ஊசியும் எங்களுக்குத் தண்ணி ஊசியுமாங்க? அவன் பாட்டுப் பாடறான், இவரு சோத்தை முழுங்க மாட்டேங்கறாரு!"

கத்தரீனாள் அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் மருந்துக் குப்பிகளைக் காட்டினாள். எல்லாம் ஒன்றுதான். "விறைப்புக்கு வேற மாத்திரை இருக்கு. அதை நீ வந்து சொன்னாத்தானே தெரியும்? கோவமா சொன்னாலும் சரி, சொல்லு. சில பேருக்குச் சீக்கிரம் கேக்கும், சில பேருக்கு மெதுவா. அதுக்கு நீயும் காரணமில்ல, பக்கத்து ஊட்டுக்காரியும் காரணமில்ல."

டாக்டர் அளவைக் குறைத்து, விறைப்புக்கு ஒரு மாத்திரை சேர்த்தார். கழுத்து இளகியது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி காரணமில்லை என்பதை மட்டும் மயிலாத்தாளால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஒரு வியாழக்கிழமை அந்த வராந்தாவில் பூவாத்தாள் அவளைப் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்துப் போயிற்று. "நீ எப்படி வந்தே?"

"மாரியாத்தா பஸ் ஏத்தி உட்டா" என்றாள் மயிலாத்தாள்.

அன்றிலிருந்து பெஞ்சின் இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருத்தி. ஊரிலும் இருவருக்கும் பேச்சே நின்றுபோயிற்று.

ஐப்பசியில் கருப்புசாமிக்குப் பெண் வீட்டார் விசாரிக்க வந்தார்கள். கோவிந்தாபுரம் பக்கத்து நாச்சம்மாள், புருசனை இழந்தவள், மகளைக் கொடுக்க வேண்டும். வழக்கம்போல, மாப்பிள்ளை எப்படி என்று பக்கத்துத் தோட்டத்தில் கேட்கத் தனியாக வந்தாள்.

"பையன் எப்படீங்? குடி, சீட்டு ஏதாச்சும் உண்டுங்களா?"

மயிலாத்தாள் மோர் கொடுத்தாள். நல்லவன் என்று சொல்லி அனுப்பினால் போதும். ஆனால் கட்டுத்தரை இன்னும் கண்ணெதிரே இருந்தது. மாரப்பன் வாசலில் கடலைக்காயை ஒவ்வொன்றாக உரித்து, உரித்ததையே மறுபடி எண்ணிக்கொண்டிருந்தான். அங்கே ஒருவன் மாப்பிள்ளையாகப் போகிறான். அவள் வாய் தானாகத் திறந்தது.

"குடியெல்லாம் இல்லீங். ஆனா மாசாமாசம் கோயமுத்தூர்ல மூளைக்கு ஊசி போட்டுட்டு வர்றானுங். ரெண்டு வருசம் பைத்தியம் புடிச்சுச் சந்தையில ஓடுனவனுங்."

சொல்லி முடித்ததும் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி பரவியது. அது ஒரு நொடிதான்.

நாச்சம்மாள் எழுந்து போகவில்லை. மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எந்த ஆஸ்பத்திரீங்?" என்றாள்.

மயிலாத்தாளுக்குப் புரியவில்லை.

"எம் மூத்த பையன் உள் அறையிலயே இருக்கறானுங். வெளிச்சத்துக்கு வந்து ரொம்ப நாளாச்சு. பொண்ணுக்கு எடம் அமையாதுன்னு ஒறம்பரை சொந்தபந்தத்துக்குக்கூடச் சொல்லுல. எந்தக் கெழமை போகோணுங்? என்னன்னு கேக்கோணுங்?" அவள் மயிலாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

கெடுக்கச் சொன்ன சொல்லை ஒருத்தி பிரசாதம் மாதிரி ஏந்திக்கொள்வாள் என்று மயிலாத்தாள் நினைத்திருக்கவில்லை. வியாழக்கிழமை, வேப்பமரம், கத்தரீனாள், விறைத்தால் சொல்ல வேண்டும், நிறுத்தக்கூடாது, அடிக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, இதைத் தனக்கு யாரும் சொல்லவில்லையே என்று மறுபடியும் வயிறு எரிந்தது. அப்போது அந்த எரிச்சல் நாச்சம்மாள் மேல்கூட இருந்தது. இவளுக்கு ஒரு செம்பு மோர் குடிக்கும் நேரத்தில் கிடைத்துவிட்டது.

செய்தி பூவாத்தாளுக்குப் போகாமல் இருக்குமா? பஸ் நிறுத்தத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"வயித்தெரிச்சல்ல சொல்லிட்டியே மயிலா! நல்லா இருப்பியா?"

"ஆமாங்க்கா, வயித்தெரிச்சல்லதான் சொன்னேன். நீங்க பயத்துல சொல்லாம உட்டீங்க. எம் புருசன் ஒரு வருசம் எருமையோட கெடந்தாரு. எது பெருசுங்க்கா?"

பூவாத்தாள், "எந் தம்பிக்கு ஒரு கலியாணம் ஆகோணும்னுதான்…" என்று தொடங்கி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மயிலாத்தாள் சமாதானம் சொல்லவில்லை. பஸ் வந்தபோது அவளுடைய பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஏறினாள், அவ்வளவுதான்.

நாச்சம்மாள் மகனைக் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமைகளில் வரத் தொடங்கினாள். துணைக்கு மகள் செல்லாத்தாளும் வந்தாள். கலியாணப் பேச்சும் முறிந்துவிடவில்லை. கத்தரீனாள் அந்தப் பெண்ணை உட்கார வைத்து, கருப்புசாமியின் நோவைப் பற்றி எதையும் மறைக்காமல் பூவாத்தாளைச் சொல்ல வைத்தாள். "தெரிஞ்சு கட்டிக்கிட்டா மருந்தை நிறுத்த விடமாட்டா. தெரியாமக் கட்டிக்கிட்டா அவளே குப்பையில போட்டுருவா" என்றாள். செல்லாத்தாள் கருப்புசாமியிடமே சில கேள்விகள் கேட்டாள். என்ன கேட்டாள் என்று வெளியே வரவில்லை. தை மாசம் கலியாணம் நடந்தது.

அதன் பிறகு வண்டித்தாவளத்திலிருந்தும் மீனாட்சிபுரத்திலிருந்தும் ஆட்கள் சாயங்காலத்தில், யாரும் பார்க்காத மாதிரி, மயிலாத்தாளைத் தேடி வந்தார்கள். அவள் சொல்லி அனுப்பினாள். கொஞ்ச நாளில் பூவாத்தாள் வீட்டுக்கும் ஆட்கள் போனார்கள். தன்னைவிட அங்கே கூட்டம் அதிகமோ என்று மயிலாத்தாள் வேலியோரம் நின்று பார்ப்பாள். "அவ சொல்றது பாதிதானுங், நான் முழுசாச் சொல்றேன்" என்று வந்தவர்களிடம் சொல்லவும் செய்வாள்.

மாரப்பன் கருப்புசாமி அளவுக்குத் தேறவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவான், மாடு பிடித்துக் கட்டுவான். சில நாள் மதியம் சும்மா உட்கார்ந்து எதையோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பான். கலியாணத்துக்கு மறு வருசம் செல்லாத்தாளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மயிலாத்தாளுக்குப் பிள்ளை இல்லை. போய் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டு வந்தாள். வந்ததும் அடுப்பங்கரையில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். உப்பு எங்கே, விறகு எங்கே என்று மாரப்பன் மேல் எரிந்து விழுந்தாள். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏம்புள்ள, நாளைக்கு வியாழனா?" என்றான்.

இதுவரை அவளாகத்தான் நாள் சொல்லிக் கிளப்ப வேண்டியிருந்தது.

"ஆமாங்."

"அப்ப வெள்ளன எழுப்பி உடு. போன மாசம் வரிசையில கடைசியாப் போச்சு."