பல்லில் வைத்த மாத்திரை

சுலோச்சனா மந்தைவெளியில் இஸ்திரி வண்டி போட்டுப் பதினோரு வருஷம். கரிப் பெட்டிச் சூட்டில் மதியமானால் தலை தெறிக்கும். வண்டிப் பலகைக்கு அடியில் ஒரு பவுடர் டப்பாவில் தலைவலி மாத்திரை வைத்திருந்தாள். ஒன்றை விழுங்கிவிட்டு அடுத்த சட்டையை விரிப்பாள். மருந்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தொண்ணூற்றாறு ஆவணியில் மகள் தமிழ்மொழிக்குக் கடைவாய்ப் பல் வலி. ஏழு வயது. முதல் நாள் தன் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்தாள், கேட்கவில்லை. மறுநாள் ஒரு கல்யாண வீட்டுத் துணி மூட்டை. சாயங்காலத்துக்குள் முடித்தாக வேண்டும். பெண் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து முனகிக்கொண்டே இருந்தது.

"வலிக்கிற எடத்துல வெச்சாதான் கேக்கும். தைலத்த நெத்திலதான தடவறோம்?" என்று ஒரு முழு மாத்திரையைப் பொடித்து, பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் அப்பினாள்.

"எரியுதும்மா."

"எரிஞ்சா வேல செய்யுதுன்னு அர்த்தம். துப்பாத."

துப்பப் பார்த்தது. ஒரு கையால் அதன் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையால் துணி தேய்த்தாள். ஒரு பட்டு வேட்டி முடிகிற நேரம்.

காலையில் கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாய் உரிந்திருந்தது. ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் பொன்னுரங்கம் டார்ச் அடித்துப் பார்த்தான். "இன்னாடி வெச்ச, சுண்ணாம்பா?"

ஆஸ்பத்திரியில் பல் டாக்டரம்மாவும் அதையே கேட்டாள். சுலோச்சனா மாத்திரையைப் பொடித்து வைத்ததைச் சொன்னாள். "இது பல்லால வந்தது இல்லம்மா. மாத்திரை சுட்டிருக்கு. முழுங்கினாத்தான் அது மருந்து. அதுவும் நீங்க போடறது குழந்தைக்கு ஆகாது." வேறு மாத்திரை எழுதினாள், அதிலும் பாதிதான். புண் ஆறியதும் பல்லைப் பார்க்கலாமாம். "எரியுதுன்னு குழந்தை சொல்லலையா?"

"சொல்லிச்சிம்மா."

திரும்பும்போது பொன்னுரங்கம், "ஊரான் சட்ட ஒண்ணக்கூட சுட்டதில்ல நீ," என்றான்.

வீட்டில் கஞ்சி கொடுத்து, பாதி மாத்திரையை எடுத்துக்கொண்டு, "ஆ காட்டு," என்றாள். தமிழ்மொழி உதட்டை இறுக்கிக்கொண்டது. மாத்திரையை அவள் கையிலிருந்து தானே எடுத்து, வாசற்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தது.

"முழுங்கிட்டியா? காட்டு."

"அப்பாகிட்டதான் காட்டுவேன்."

பொன்னுரங்கம் குனிந்து பார்த்தான். "முழுங்கிட்சி."

சுலோச்சனா கரி மூட்டப் போனாள்.