கோப்பெங் தோட்டத்தில் பெயர் கூப்பிடும் நேரம்

1926 ஐப்பசியில் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் ஓர் இரவு தங்கி வந்தேன். ஆசைப்பட்டுப் போன பயணமில்லை. சென்னைக் கல்லூரியில் சமூக சாஸ்திரம் சொல்லிக்கொடுக்கும் என் மைத்துனர் சோமசுந்தரம் கப்பலேறி வந்திருந்தார். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதுபோல மனிதர்கள் வழக்கத்தின் வழியே ஓடுகிறார்கள், காரணத்தை அவர்களிடம் கேட்கவே வேண்டாம் என்பது அவர் கட்சி. அதைத் தோட்டத்தில் பார்த்து எழுத வேண்டுமாம். துணைக்கு நான்.

ஈப்போவிலிருந்து பன்னிரண்டு மைல், மோட்டார் பஸ்ஸில் ஆளுக்கு நாற்பது காசு. பிறகு மூன்று மைல் செம்மண் பாதை, நடைதான். பாதி வழியில், ஈயம் தோண்டிக் கைவிட்ட பெரிய குளம் ஒன்று வருகிறது. மழையில் அதன் கரை இடிந்து கிடந்தது.

தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி வீட்டில் தங்கினோம். முத்தம்மாளைப் பற்றிச் சொன்னவர் அவர்தான். சில நாட்களுக்கு முன் பெருமழை பெய்த அன்று பால்வெட்டப் போன அவள் கணவன் திரும்பவில்லை. ஓடிப்போய்விட்டான் என்பது தோட்டத்தின் முடிவு. ஆனால் பெரட்டில், அதாவது விடியுமுன் ஆள் கூப்பிடும்போது, அவன் பெயருக்கு இவள் "இருக்கேன்" என்கிறாளாம். சுத்தக் கிறுக்கு என்றார் கிராணி.

சோமசுந்தரம் உற்சாகமாகிவிட்டார். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் போய் முத்தம்மாளிடம் கணவன் பெயரைக் கேட்டார். அவள் வாய் திறக்காமல் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்க்க, அந்த அம்மாள் மாரிமுத்து என்றாள். "பார்த்தீரா, வழக்கம்" என்று என் காதில் சொன்னார் மைத்துனர். உயிரோடு இருப்பதாக நம்புகிறாயா என்று அடுத்த கேள்வி. எனக்குக் கூசியது. இதற்கு முத்தம்மாளே பதில் சொன்னாள்.

"செத்துட்டாருன்னு தெரியுங்க. கொளத்துலதான் கெடக்காரு. ஏட்டுல பேரு இருக்குற வரைக்கும்தான் தேடச் சொல்லிக் கேக்கலாம். ஓடிப்போனவருன்னு வெட்டிட்டா அப்புறம் யாரு தேடுவா? தொரைகிட்ட நீங்க சொல்லுங்கய்யா."

துரை பங்களாவுக்குப் போனேன். வாசலிலேயே பதில் வந்தது: ஓடிப்போனவனுக்காகக் குளத்தில் இறங்க ஆள் கிடையாது.

மறுநாள் பெரட்டுக்குப் போனோம். தூறல், ஒரே ஒரு லாந்தர். கிராணி வரிசையாகக் கூப்பிட்டு வந்தவர், மாரிமுத்து பெயரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். பங்களாவிலிருந்து உத்தரவு வந்திருக்க வேண்டும்.

முத்தம்மாள் ஓரடி முன்னே வந்தாள். தாலி கட்டிய நாளிலிருந்து வாயால் சொல்லாத பெயரை எல்லோர் முன்னும் அவளே கூப்பிட்டாள்.

"மாரிமுத்து."

பிறகு அவளே, "இருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. கிராணி குனிந்தபடி அடுத்த பெயரைப் படித்தார்.

இது எந்த வழக்கம் என்று திரும்பும்போது கேட்டேன். துக்கத்தில் வழக்கம் உடைவதும் ஒரு விதிதான் என்றார் சோமசுந்தரம். நல்ல விதி, எதைச் செய்தாலும் பொருந்தும்! எரிச்சலாக வந்தது. கல் ஏன் விழுந்தது என்று கல்லைக் கேட்க முடியாது. இவளைக் கேட்டோம். காரணத்தையும் சொன்னாள், ஓர் உதவியும் கேட்டாள். நாங்கள் எடுத்துவந்தது காரணத்தை மட்டும்தான்.

போக நினைப்பவர்களுக்கு: கோப்பெங்கிலிருந்து கடைசி பஸ் மாலை ஐந்துக்கு. குடை அவசியம், அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். மழை விட்டால் அந்தக் குளம் நீலமாகத் தெளிந்திருக்கும், நடந்த களைப்பில் குளிக்கத் தோன்றும். இறங்காதீர்கள். அங்கே ஒருவரை இன்னும் யாரும் தேடவில்லை.